தீப்பொறியின் நிறம்

நவம்பர் 6, ஞாயிறு

கார் இன்றும் லேசில் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, சுற்றுகிறது, பற்றிக்கொள்ள மட்டும் மாட்டேன் என்கிறது. பேட்டரி களைத்துப்போகும் நேரத்தில் ஒரு இருமல். அப்புறம் இன்னொன்று. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடத் தொடங்குகிறது. ஓட ஆரம்பித்துவிட்டால் குறை சொல்ல முடியாது. கிளம்புவதுதான் பாடு.

வசந்தாமணி காய்கறிப் பையோடு கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, நான் பஸ்ஸுல போயிட்டு வந்தர்றேனுங்க" என்றாள். கார் கிளம்பித் தெருமுனைக்குப் போனபோது அவள் ஏறிய பஸ் போய்விட்டிருந்தது. திரும்பி வந்து நிறுத்தினேன்.

ஆயுத பூஜைக்கு நானே எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தேன். ஸ்பார்க் பிளக்குகளைச் சுத்தம் செய்து, இடைவெளி அளந்து மாட்டினேன். அதற்கு அப்புறம்தான் இந்த வியாதி. கழுவும்போது எங்கேயோ தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும்.

சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விடை தப்பாக வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பதுதான் எங்கள் வேதம். காரையும் அப்படியே பார்க்கப்போகிறேன். அவசரமும் இருக்கிறது. தை மாதக் கடைசியில் பிருந்தாவுக்குக் கல்யாணம். வசந்தாமணியின் அண்ணன் நாச்சிமுத்துவின் மகள். தீபாவளிக்கு வந்த மச்சான், "மாப்ளே, பொண்ணழைப்புக்கு உங்க வெள்ளைக் கார்தான். நீங்கதான் ஓட்டோணும்" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். உடுமலை முழுக்க வாடகைக் கார் கிடைக்கும்போது நம்மைக் கேட்கிறார் என்றால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. மேளக்காரர்கள் நின்றுகொண்டிருக்க, மணப்பெண்ணை உட்கார வைத்துவிட்டு நான் கிர்ர் கிர்ர் என்று சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?

நவம்பர் 8, செவ்வாய்

பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி வெயிலில் வைத்தேன். வசந்தாமணி வடகம் காயப்போட்ட தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். சாயங்காலம் மாட்டிப் பார்த்தேன். அதே இருமல். ஆகவே காரணம் தண்ணீர் இல்லை.

பேப்பர்க்காரர்கள் இப்போது மையிலும் சிக்கனம் பிடிக்கிறார்கள். தலைப்பைத் தவிர எதுவும் படிக்கிற மாதிரி இல்லை.

நவம்பர் 11, வெள்ளி

இரண்டாவது சந்தேகம்: பேட்டரி. பக்கத்து வீட்டு பிரிசில்லா டீச்சர் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் அவர் காரைக் கொண்டுவந்து எங்கள் காருக்கு மூக்கோடு மூக்காக நிறுத்தினார். இரண்டு பேட்டரிக்கும் ஒயர் இணைத்தோம். இன்ஜின் வேகமாகச் சுற்றியது. வேகமாகச் சுற்றி, வேகமாகக் கிளம்பாமல் இருந்தது. ஆகவே பேட்டரியும் இல்லை.

டீச்சர் காரில் ஏறும்போது, "நேத்து சந்தைக்கிட்ட உங்களப் பாத்துக் கை காட்டினேன் சார். பாக்காமப் போயிட்டீங்க" என்றார். ஏதாவது யோசனையில் இருந்திருப்பேன். வசந்தாமணி ஒயரைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

நவம்பர் 13, ஞாயிறு

புதுப் பிளக் நான்கு வாங்கி வந்தேன். கடைக்காரர் அப்படியே மாட்டிக்கலாம் என்றார். அப்படியே மாட்டுகிறவனா நான்? பில்லர் கேஜை எடுத்தேன். மெல்லிய எஃகுத் தகடுகள், விசிறி மாதிரி விரியும், ஒவ்வொன்றிலும் அதன் தடிமன் எண் பொறித்திருக்கும். பிளக்கின் நுனியில் பொறி தாண்டுகிற இடைவெளி அறுபது, அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், இருக்க வேண்டும். அறுபதாம் தகடு உள்ளே போகவே இல்லை. நான்குமே நெருக்கம். இதை அப்படியே மாட்டச் சொல்கிறார் கடைக்காரர். ஒவ்வொன்றாக அகலப்படுத்தி, தகடு வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்கு வைத்தேன். எண்கள் தேய்ந்து மங்கிவிட்டன. ஆனால் கைக்குத் தெரியுமே.

மாட்டிவிட்டு வசந்தாமணியைக் கூப்பிட்டு, "இப்பப் பாரு" என்று சாவியைத் திருப்பினேன். பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அடுப்புல பால் இருக்குதுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 14, திங்கள்

கிளம்பவில்லை. நேற்றைவிட மோசம்.

நவம்பர் 17, வியாழன்

வேறு வழியில்லாமல் சாகுலைக் கூப்பிட்டேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருப்பவர். கடுமையான ஜலதோஷத்தோடு, கழுத்தில் மப்ளரோடு வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாக, "பெட்ரோல் பம்புதான் சார். நான் வாசலிலேயே வாசம் பிடிச்சிட்டேன்" என்றார். அந்த மூக்கை வைத்துக்கொண்டு எப்படி வாசம் பிடித்தார் என்று நான் கேட்கவில்லை.

பம்பைக் கழற்றி உள்ளே இருந்த ரப்பர் தகட்டை மாற்றினார். நடுவில் வசந்தாமணி போட்டுக் கொடுத்த வாழைக்காய் பஜ்ஜியைச் சாப்பிட்டுக்கொண்டே, "பிளக்கையும் ஒருக்காப் பாத்துரலாமுங்களா?" என்றார்.

"புதுசு. நானே கேப் அளந்து போட்டேன்."

"நீங்களே போட்டீங்கன்னா சரியாத்தான் இருக்கும் சார். பஜ்ஜி இன்னும் ரெண்டு கெடைக்குங்களாம்மா?"

நெடுநேரம் சுற்றிய பிறகு கார் கிளம்பியது. "பாத்தீங்களா?" என்று மப்ளரை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

நவம்பர் 18, வெள்ளி

பம்பும் இல்லை.

நவம்பர் 20, ஞாயிறு

மதிய வெயிலில் கார் எப்படியோ கிளம்பிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வசந்தாமணியை ஏற்றிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். பிருந்தாவுக்கு எடுத்த பட்டுப்புடவையைக் காட்டினார்கள். அரக்கு நிறம் நன்றாக இருக்கிறது என்றேன். பச்சைங்க மாமா என்று பிருந்தா சிரித்தாள். அந்த வீட்டு ஹாலில் வெளிச்சம் போதாது.

திரும்பும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தாராபுரம் ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஓரமாக நின்றிருந்தது. பின்னால் விளக்கு இல்லை, சிவப்புப் பட்டை இல்லை, ஒன்றும் இல்லை. இந்த மாதிரி வண்டிகளை எல்லாம் பிடித்து அபராதம் போட வேண்டும். நான் பார்த்துவிட்டேன். பிரேக்கை மிதிக்கத்தான் போனேன். அதற்குள் வசந்தாமணி கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டாள். கார் குறுக்காகத் திரும்பி நின்றது. கரும்புத் தோகை முன்கண்ணாடியை உரசிக்கொண்டிருந்தது.

அவ்வளவு தேவையில்லை என்று சொன்னேன். அவள் வீட்டுக்கு வரும்வரை ஹேண்ட் பிரேக் மேலேயே கையை வைத்திருந்தாள்.

இதை எழுதும்போதும் போர்வையைப் போர்த்திக்கொண்டிருக்கிறேன். கார்த்திகைக் குளிர் இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது.

நவம்பர் 21, திங்கள்

ரசத்தில் உப்பு இல்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

நவம்பர் 23, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு இன்ஜின் இரும்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, வசந்தாமணியை உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பச் சொன்னேன். இது மெக்கானிக்குகள் எல்லோரும் செய்கிற சோதனை. நுனியில் பொறி பறக்கும். நல்ல பொறி நீலமாக இருக்கும். மஞ்சளாக இருந்தால் பலம் இல்லை என்று அர்த்தம், பொறிக்கு மின்சாரம் ஏற்றித் தரும் காயில் போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் பொறி மஞ்சள். சுத்தமான மஞ்சள், மாட்டுப் பொங்கலுக்கு அரைத்த மாதிரி.

இத்தனை நாள் இதைப் பார்க்காமல் விட்டேனே.

நவம்பர் 25, வெள்ளி

புதுக் காயில் மாட்டினேன். பொறி இன்னும் மஞ்சள்தான். போலிச் சரக்கு. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வேறு ஒன்று கொடுத்தார். அதுவும் மஞ்சள். ஊரில் நேர்மையே செத்துவிட்டது.

நவம்பர் 27, ஞாயிறு

சாகுல் வந்தார். ஜலதோஷம் போய்விட்டது, இப்போது இருமல். அவர் சாவியைத் திருப்ப, நான் பிளக்கைக் காட்டினேன். வசந்தாமணி எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பாரு, எவ்வளவு மஞ்சள்" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "இன்னொருக்காத் திருப்பச் சொல்லுங்க."

திருப்பினார். டிக் டிக் என்று பொறி விழுந்தது.

"நீலமா இருக்குதுங்க" என்றாள்.

"எது நீலம்?"

"இதுதானுங்க. கேஸ் அடுப்பு மாதிரி. நல்ல நீலம்."

அவளுக்கு வெயிலில் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்து, சாகுலைக் கூப்பிட்டேன். அவள் போய்ச் சாவியைத் திருப்பினாள். சாகுல் பார்த்தார். "நீலம்தான் சார். இத்தனை நல்ல பொறி வெச்சிக்கிட்டு ஏன் கெளம்பலன்னுதான்..." என்றவர் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பிளக்கைக் கையில் எடுத்தார். நுனியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வசந்தாமணியைப் பார்த்தார்.

"சார், இதோட கேப்பை மட்டும் ஆற அமர இன்னொருக்கா அளந்து பாத்துருங்க. அம்மாவும் கூட இருக்கட்டும்" என்றார். பிளக்கை என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு, பஜ்ஜிகூடக் கேட்காமல் போய்விட்டார்.

இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் பார்த்தது மஞ்சள்தான்.

நவம்பர் 28, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 29, செவ்வாய்

காலையில் எழுந்ததும் நாட்காட்டிக்கு எதிரே நின்று இடது கண்ணைக் கையால் பொத்தினேன். தேதி தெரிந்தது, ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல. வலது கண்ணைப் பொத்தினேன். தேதி இல்லை. நாட்காட்டியே ஒரு வெளிச்சச் சதுரமாக இருந்தது.

ஆய்வகத்தில் பியூரெட் என்ற அளவுக் குழாயில் திரவத்தின் மட்டத்தை என்னைப்போலத் துல்லியமாகப் படிக்க ஆளில்லை என்பார்கள். பக்கத்து மேஜைக்காரர்கள் சந்தேகம் வந்தால், "திருமூர்த்தி, கொஞ்சம் பாருங்க" என்பார்கள். அந்தக் கண் இது.

வாசலில் காருக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து வசந்தாமணியைக் கூப்பிட்டேன். நான் அறுபது என்று வைத்திருந்த தகட்டைப் பிரித்து அவளிடம் கொடுத்தேன். "இதுல என்ன போட்டிருக்குது, படி."

வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தாள். "தொண்ணூறுங்க."

"நல்லாப் பாரு."

"தொண்ணூறுதானுங்க. அறுபது இங்கே இருக்குது." வேறொரு தகட்டை விரித்துக் காட்டினாள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

ஆக, இவ்வளவுதான் விஷயம். இடைவெளி அதிகமாகிவிட்டால் வெளியே வைத்துப் பார்க்கும்போது பொறி நன்றாகத் தாண்டும். உள்ளே, அமுங்கிய பெட்ரோல் காற்றுக்கு நடுவே, அதுவும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, அந்தத் தூரத்தை அதனால் தாண்ட முடியாது. ஆயுத பூஜைக்குப் பழைய பிளக்கில் ஒரு தரம் இதைச் செய்தேன். சரியாக இருந்த புதுப் பிளக்கில் இன்னொரு தரம் செய்தேன். தண்ணீர், பேட்டரி, பம்பு, காயில் என்று ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். அந்தத் தகட்டைப் பிடித்த ஆளை மட்டும் சந்தேகப்படவில்லை.

நான்கு பிளக்கையும் கழற்றினேன். அவள் அளந்தாள். நான் தட்டினேன். "இன்னுங் கொஞ்சம். போதுமுங்க. இறுக்கமாப் போகுது, சரியா?" என்று அவள் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். மாட்டி முடித்ததும் அவளையே சாவியைத் திருப்பச் சொன்னேன். பாதித் திருப்பில் பற்றிக்கொண்டது. அவளே திடுக்கிட்டுச் சாவியை விட்டுவிட்டாள்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டோம்.

"அன்னைக்கு டிராக்டரை நான் பாக்கல, வசந்தா" என்றேன்.

"தெரியுமுங்க" என்றாள்.

ஸ்டியரிங்கை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "வண்டிக்கு வைத்தியம் ஆச்சு. அடுத்து கோயமுத்தூர் போலாமுங்களா? போன சித்திரையில இருந்து கேட்டுட்டிருக்கறேன்" என்றாள்.

கண்ணில் கத்தி வைப்பார்கள் என்ற நினைப்பே எனக்கு ஆகாது. அதை அவளிடம் சொன்னேன். இத்தனை வருஷத்தில் பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டிசம்பர் 2, வெள்ளி

பஸ்ஸில் கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார வைத்து, விதவிதமான வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். டாக்டர் சின்னப் பெண். "ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்தியிருக்கு. மஞ்சள் கண்ணாடி போட்டுப் பாக்கற மாதிரி இருந்திருக்கும். இத்தனை நாள் எப்படி வண்டி ஓட்டினீங்க?" என்றார்.

"வண்டி கிளம்பறதில்லைங்க டாக்டர்" என்று வசந்தாமணி முந்திக்கொண்டாள்.

இடது கண் முதலில். வலது கண் பொங்கலுக்குப் பிறகு. அதற்கப்புறமும், கண்ணாடி போட்டு அவர் பார்த்துச் சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதாம். கணக்குப் போட்டேன். பிருந்தா கல்யாணம் அதற்குள் வந்துவிடும். மச்சானிடம் என்ன சொல்வது என்று பஸ்ஸில் புலம்பிக்கொண்டே வந்தேன். வசந்தாமணி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொள்ளாச்சி தாண்டியதும் திரும்பி, "நான் கத்துக்கறேனுங்க" என்றாள்.

"எதை?"

"காரை."

டிசம்பர் 13, செவ்வாய்

இதை எழுதுவது வசந்தாமணி. அவருக்கு நேற்று ஆபரேஷன் ஆயிற்று. இடது கண்ணில் பிளாஸ்திரி போட்டிருக்கிறது. குனிந்து எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் எழுதாமல் விட்டால் என்ன என்று கேட்டேன். விடக் கூடாதாம். அதனால் அவர் சொல்வதை எழுதுகிறேன்.

ஆபரேஷன் ஒன்றும் வலிக்கவில்லை என்று எழுதச் சொல்கிறார். கையில் பிடித்துக்கொள்ள நர்ஸ் கொடுத்த பந்தைத் திருப்பிக் கொடுக்க மறந்து பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இதை அவர் எழுதச் சொல்லவில்லை.

முன்பக்கம் இருப்பதைப் படிக்கக் கூடாது என்றார். படிக்கவில்லை. எப்படியும் எனக்குத் தெரியாதது எதுவும் அதில் இருக்கப்போவதில்லை.

டிசம்பர் 19, திங்கள்

என் கையெழுத்து இவ்வளவு கோணலாகவா இருந்தது? வசந்தாமணி எழுதிய பக்கம்தான் பார்க்க லட்சணமாக இருக்கிறது.

இடது கண்ணால் மட்டும் பார்த்தால் வீட்டுச் சுவர் வெள்ளை. வலது கண்ணால் பார்த்தால் அதே சுவர் டீ சிந்திய மாதிரி இருக்கிறது. மாற்றி மாற்றிப் பொத்திக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். வசந்தாமணி மூக்குத்தியில் ஒரு கல் இல்லை. எப்போது விழுந்தது என்று கேட்டேன். "அது விழுந்து மூணு வருசம் ஆச்சுங்க" என்றாள்.

டிசம்பர் 24, சனி

பயிற்சி உரிமம் வாங்கிவிட்டாள். பிரிசில்லா டீச்சருக்குப் பள்ளி விடுமுறை. பயிற்சிப் பள்ளிக்காரர் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பது போதாது என்று டீச்சர் தன் பங்குக்கு மைதானத்துக்கு அழைத்துப் போகிறார். நானும் எங்கள் காரில் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். ஒரு சுற்றுதான். டீச்சர் நிறுத்தச் சொல்லி, "சார், நீங்க எதுவும் பேசலைதான். ஆனா மூச்சு விடற சத்தம் அக்காவுக்குப் பயமா இருக்குதாம்" என்றார். இறங்கி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன்.

அவள் கிளட்சை விடுவது, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி. அவ்வளவு மெதுவாக விட்டால் தேய்ந்துவிடும்.

ஜனவரி 3, செவ்வாய்

நால்ரோட்டில் கார் மூன்று தடவை ஆஃப் ஆகிவிட்டதாம். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தானாம். "அடிக்கட்டும், அவன் கையி, அவன் ஹாரன்" என்று சொல்லிக்கொண்டே மிளகாய் நறுக்குகிறாள்.

ஜனவரி 19, வியாழன்

வலது கண்ணும் முடிந்தது, குனியாமல் நோட்டைத் தூக்கிப் பிடித்து எழுதுகிறேன். இந்தத் தடவை பந்து கேட்கவில்லை. வசந்தாமணியின் கையைப் பிடித்துக்கொள்ள முடியுமா என்றுதான் கேட்டேன். உள்ளே விட மாட்டோம் என்றார்கள்.

ஜனவரி 31, செவ்வாய்

லைசென்ஸ் வந்துவிட்டது. போட்டோவில் யாரோடோ சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கிறாள். சாகுல் தகவல் தெரிந்து மிட்டாயோடு வந்தார். பஜ்ஜியோடு திரும்பினார். போகும் முன் அரைமணி நேரம் அவளிடம் இன்ஜினைத் திறந்து வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனதும் இரண்டு பேரும் பேச்சை மாற்றினார்கள்.

பிப்ரவரி 12, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நேற்று எழுத நேரமில்லை. நேற்றையதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

சாயங்காலம் பெண்ணழைப்பு. விநாயகர் கோயில் வாசலில் எங்கள் கார் செவ்வந்திப் பூவோடு நின்றது. காலையிலிருந்து மச்சானுக்கு இது பிடிபடவே இல்லை. "மாப்ளே, நெசமாலுமே தங்கச்சிதான் ஓட்டப்போகுதா?" என்று என்னிடம் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்து கேட்டார். நெசமாலும்தான் என்றேன். பிருந்தா மட்டும், "அத்தை ஓட்டுனாத்தான் நான் ஏறுவேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். பச்சைப் பட்டு. இந்தத் தடவை பச்சையாகவே தெரிந்தது.

பிருந்தாவும் அவள் தோழிகளும் பின்னால் ஏறினார்கள். நான் முன்னால் இடப்பக்கம். மேளம் தொடங்கியது. வசந்தாமணி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

கிர்ர் கிர்ர்.

மறுபடி திருப்பினாள். குளிர்ந்த இன்ஜினுக்கு அதிகப் பெட்ரோல் விடுகிற சோக்கை இழுத்தாள். கோயிலுக்கு வந்து சேர்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, இன்ஜின் இன்னும் சூடு. சூட்டில் சோக்கை இழுத்தால் பெட்ரோல் வழிந்து மூச்சடைத்துவிடும். பெட்ரோல் வாசம் உள்ளே வந்தது. அவள் மேல் உதட்டில் வேர்வை. நாதஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனையை முடித்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மச்சான் ஜன்னலில் குனிந்து, "மாப்ளே, இந்த ஒருக்கா நீங்க எடுத்துக் குடுத்துருங்க" என்றார்.

வசந்தாமணி என்னைப் பார்க்கவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அவளுக்குத் தெரியும் மச்சான்" என்றேன்.

அவள் சோக்கை உள்ளே தள்ளினாள். ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்து, காலை எடுக்காமல், சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். இன்ஜின் சுற்றியது. ஒரு இருமல். அவள் விடவில்லை. இன்னொரு இருமல். அப்புறம் புகையைக் கக்கிக்கொண்டு ஒரு உறுமல். பின்சீட்டில் பெண்கள் கைதட்டினார்கள். நாதஸ்வரக்காரர் அவசரமாக வாத்தியத்தை வாயில் வைத்தார்.

மேளத்துக்குப் பின்னால், நடக்கிற வேகத்தில், ஒரு தடவைகூட ஆஃப் ஆகாமல் மண்டபம்வரை ஓட்டினாள். தூங்குகிற குழந்தையை இறக்குகிற அந்தக் கிளட்ச் இதற்குத்தான் போலிருக்கிறது. தெருவில் வாசலுக்கு வாசல் பெண்கள் வெளியே வந்து, மணப்பெண்ணை விட்டுவிட்டு ஓட்டுகிறவளைப் பார்த்தார்கள்.

மண்டபத்தில் இறங்கியதும், மூச்சடைத்தால் அப்படிச் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டேன். "சாகுல் பாய்தானுங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னார். சொன்னா நீங்க அதைச் சோதனை பண்ண ஆரம்பிச்சிருவீங்களாம்."

பிப்ரவரி 27, திங்கள்

கடைசிச் சோதனைக்குக் கோயமுத்தூர். அவள்தான் ஓட்டினாள். டாக்டர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிவரை படித்துவிட்டு, அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தேன். அது போதுமுங்க என்று சிரித்தார். இனி வண்டி ஓட்டலாமாம்.

வெளியே வந்ததும் வசந்தாமணி சாவியை நீட்டினாள். வாங்கிக்கொண்டு வலப்பக்கம் ஏறினேன். பாதித் திருப்பில் கிளம்பியது. ஊரைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது: பக்கத்தில் உட்கார்ந்து வருவதில் அவள் என்னைவிட மோசம். லாரி தெரிந்தால் மூச்சை இழுக்கிறாள். இல்லாத பிரேக்கை மிதிக்கிறாள். "முந்தாதீங்க, வளைவு வருது, சைக்கிள்காரர் வர்றார்" என்று கிணத்துக்கடவு வரை ஓயவில்லை. எல்லாம் எனக்கு அவளைவிட முன்னாலேயே தெரிந்தது. அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

பொள்ளாச்சியில் டீ குடிக்க நிறுத்தினோம். சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது மேஜையில் சாவி இல்லை. அவள் காரில், வலப்பக்கம், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

நான் இடப்பக்கம் ஏறினேன். உடுமலைவரை சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள். ஓட்டுகிறவனுக்கு அண்ணாந்து பார்க்க நேரம் இருக்காது. புளிய இலை எவ்வளவு சிறியது. ஒவ்வொன்றாகத் தெரிந்தது.